பெரிய ப்ராஜெக்ட்: எல்லைக்கோட்டைப் போடுவது யார்?

பென்ட் ஃப்ளிவ்பியர்க் டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர். ஆக்ஸ்ஃபோர்டில் நீண்ட காலம் இருந்தவர். பாலம், ரயில்பாதை, அணை, ஒலிம்பிக்ஸ், கம்ப்யூட்டர் சிஸ்டம் என்று உலகத்தில் எங்கே எதைப் பெரிதாகக் கட்டினாலும், "எவ்வளவு ஆகும்னு சொன்னீங்க, கடைசியில எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுக் கணக்கு சேர்ப்பதுதான் அவர் வேலை. 136 நாடுகளிலிருந்து 16,000-க்கும் மேற்பட்ட ப்ராஜெக்ட்களின் கணக்கு அவரிடம் இருக்கிறது. அதை வைத்து, டான் கார்ட்னர் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து 2023-ல் ஒரு புத்தகம் எழுதினார்: 'ஹவ் பிக் திங்ஸ் கெட் டன்'. பெரிய காரியங்கள் எப்படி நடந்து முடிகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

சாஃப்ட்வேர் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியாச்சு. அதனால் இந்தப் புத்தகத்தின் பாதி விஷயங்கள் எனக்குப் புதிதில்லை, ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எண்கள் புதிது. முதல் தடவை தலையாட்டிக்கொண்டே படித்து முடித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ப்ராஜெக்ட் பட்ஜெட்டுக்குள் முடிந்தது, முடியவில்லை என்று இவர் சொல்கிறாரே, அந்த 'ப்ராஜெக்ட்' எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை யார் முடிவு செய்தார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான். சாதாரண ப்ராஜெக்டையும் மிகப் பெரிய ப்ராஜெக்டையும் பிரிக்கும் முக்கியமான வித்தியாசம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புத்தகம் என்ன சொல்கிறது

முதலில் புத்தகத்துக்கு நியாயம் செய்துவிடுவோம். அதில் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண்கள் இவை. ஃப்ளிவ்பியர்க் சேர்த்த ப்ராஜெக்ட்களில் சொன்ன செலவுக்குள் முடிந்தவை 47.9 சதவீதம். சொன்ன செலவு, சொன்ன காலம் இரண்டுக்குள்ளும் முடிந்தவை 8.5 சதவீதம். செலவு, காலம், சொன்ன பலன் மூன்றும் சரியாக வந்தவை 0.5 சதவீதம். இருநூறில் ஒன்று!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. செலவு எகிறுவது எல்லாத் துறையிலும் ஒரே மாதிரி இல்லை. சூரிய மின்சாரத் திட்டங்களில் சராசரியாக 1 சதவீதம்தான் எகிறுகிறது. ஒலிம்பிக்ஸில் 157 சதவீதம். நம்ம ஐ.டி. துறையில் சராசரி 73 சதவீதம். ஆனால் ஐ.டி.யில் சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஐ.டி. ப்ராஜெக்ட்களில் 18 சதவீதம் வாலில் போய் மாட்டிக்கொள்கின்றன. அவற்றின் செலவு சராசரியாக 447 சதவீதம் எகிறுகிறது. ஒரு கோடி என்று ஆரம்பித்தது ஐந்தரைக் கோடியில் போய் நிற்கும். அதாவது ஆறில் ஒன்றுக்கும் சற்று மேல் ஆளையே கவிழ்த்துவிடும் ரகம். இதைப் புள்ளியியலில் தடித்த வால் என்பார்கள். மழை சராசரியாக எவ்வளவு பெய்யும் என்று பார்த்து ஏரிக்கரை கட்ட முடியாது, இல்லையா? கரையை உடைக்கும் மழைதான் கணக்கு. அதே மாதிரிதான் இதுவும்.

காரணம் என்ன? ஃப்ளிவ்பியர்க் இரண்டு சொல்கிறார். ஒன்று, மனித மனசின் இயல்பான நம்பிக்கை: நமக்கு மட்டும் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைப்பது. இரண்டாவது, தெரிந்தே குறைத்துச் சொல்வது. உண்மையான செலவைச் சொன்னால் யாரும் அனுமதி தர மாட்டார்கள், அதனால் ஆரம்பித்துவிடுவோம், பள்ளம் தோண்டிவிட்டால் பிறகு யாரும் நிறுத்த மாட்டார்கள் என்ற அரசியல்.

சிட்னி ஓப்பரா ஹவுஸ் இதற்குப் பேர்போன உதாரணம். டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957-ல் போட்டியில் ஜெயித்தார். வரைபடமே முழுதாக முடியாத நிலையில் 1959-ல் வேலையை ஆரம்பிக்க வைத்தது, மாநிலப் பிரதமர் ஜோ கேஹிலின் அவசரம். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று சொன்னது, 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம். உட்சன் 1966-லேயே விலகிப் போய்விட்டார். கட்டி முடித்த கட்டடத்தை அவர் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை.

அதனால் புத்தகத்தின் அறிவுரை: நிதானமாக யோசி, வேகமாகச் செய். திட்டம் போடும்போது தப்பு செய்தால் செலவு காகிதம்தான். கான்கிரீட் ஊற்றிய பிறகு செய்தால் கோடிகள். கூடவே இன்னொரு கருவியும் தருகிறார். உன் ப்ராஜெக்ட் தனித்துவமானது என்று நினைக்காதே, அதே வகையில் இதுவரை செய்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார், அந்தச் சராசரியிலிருந்து உன் கணக்கை ஆரம்பி. வீடு கட்டப் போகிறவர், தன் எஸ்டிமேட்டை ஓரமாக வைத்துவிட்டு, அதே தெருவில் போன வருஷம் கட்டிய பத்துப் பேரிடம் போய் "உண்மையா எவ்வளவு ஆச்சுங்க?" என்று கேட்பது போல. எளிமையானது, ரொம்பவே பயனுள்ளது. இதை மட்டும் எடுத்துக்கொண்டாலே புத்தகத்துக்குக் கொடுத்த காசு வந்துவிடும்.

புரூக்ஸ் ஏற்கெனவே சொன்னது

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய வேதம் உண்டு. ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய 'தி மிதிக்கல் மேன்-மன்த்'. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் வேலையை நடத்தியவர் அவர். தாமதமான ப்ராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்ற அவருடைய விதி எல்லோருக்கும் தெரியும். காரணமும் தெரியும். ஐந்து பேர் இருந்தால் அவர்களுக்குள் 10 பேச்சுவழிகள். ஐம்பது பேர் என்றால் 1,225. ஆள் பத்து மடங்கு, பேச்சு நூற்றிருபது மடங்கு.

ஆனால் அதே புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கும் இன்னொரு விஷயத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்து, தனக்காக எழுதும் ப்ரோக்ராம் ஒன்று. அதையே முன்பின் தெரியாதவர்களும் ஓட்டலாம், திருத்தலாம் என்ற அளவுக்குச் சோதித்து, ஆவணம் எழுதி, பொதுப் பயன்பாட்டுக்குத் தர வேண்டுமென்றால் உழைப்பு மூன்று மடங்கு. மற்ற ப்ரோக்ராம்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் இன்னொரு மூன்று மடங்கு. இரண்டும் வேண்டுமென்றால் ஒன்பது மடங்கு.

கவனித்துப் பாருங்கள். இந்த ஒன்பது மடங்கு, ப்ரோக்ராம் பெரிதானதால் வரவில்லை. 'முடிந்தது' என்ற சொல்லின் எல்லை நகர்ந்ததால் வந்தது. என் மேசையில் ஓடுகிறது என்பதும் முடிந்ததுதான். முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் ஓடுகிறது என்பதும் முடிந்ததுதான். எதை 'முடிந்தது' என்று எண்ணுகிறோம் என்பதில்தான் ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் உள்ள தூரம்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். இரண்டும் கஷ்டம்தான், இரண்டிலும் பட்ஜெட் எகிறும்தான். ஆனால் இரண்டிலும் எல்லை கண்ணுக்குத் தெரியும். மனை எங்கே முடிகிறது என்று கல் நட்டிருக்கும். கல்யாணம் என்றைக்கு முடிகிறது என்று பத்திரிகையில் போட்டிருக்கும். முழு விஷயத்தையும் தலையில் வைத்திருக்கும் ஆள் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் வீட்டில் ஒரு அம்மா அல்லது ஒரு சித்தப்பா. மேஸ்திரி, ஆசாரி, எலக்ட்ரீஷியன் எல்லோரும் கடைசியில் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். காசு கொடுப்பவர், கஷ்டப்படுபவர், குடியிருக்கப் போகிறவர் மூவரும் ஏறக்குறைய ஒரே குடும்பம்.

மிகப் பெரிய ப்ராஜெக்டில் இது எல்லாமே கழன்றுவிடுகிறது. கழன்றதும் எல்லைக்கோட்டை யாராவது ஒருவர் பேனாவால் போட வேண்டியதாகிறது. அந்தக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ப்ராஜெக்ட் வெற்றியாகவும் தோல்வியாகவும் மாறும். இரண்டு உதாரணங்களைப் பார்க்கலாம். ஒன்று புத்தகம் பாராட்டுவது. இன்னொன்று நம் நாட்டு அணை.

ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் டெர்மினல் இந்தப் புத்தகத்தின் ஹீரோக்களில் ஒன்று. 430 கோடி பவுண்ட் செலவு. திறப்புத் தேதியைப் பல வருஷங்களுக்கு முன்பே சொன்னார்கள், சொன்ன காலத்துக்குள்ளேயே 2008 மார்ச் 27-ந்தேதி திறந்தார்கள். விமான நிலைய நிறுவனமே ஒப்பந்தக்காரர்களின் ரிஸ்க்கைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, எல்லோரையும் ஒரே அணியாக வேலை செய்ய வைத்தது எப்படி என்று ஃப்ளிவ்பியர்க் விரிவாக எழுதுகிறார். நல்ல அத்தியாயம். டீம் நடத்துகிறவர்கள் படிக்க வேண்டியது.

ஆனால் திறந்த அன்று என்ன நடந்தது? வேலைக்கு வந்தவர்களுக்குக் கார் நிறுத்த இடம் தெரியவில்லை. உள்ளே வந்தவர்களுக்குக் கம்ப்யூட்டரில் லாகின் ஆகவில்லை. பெட்டிகள் மலையாகக் குவிந்தன. முதல் சில நாட்களில் மட்டும் சுமார் 500 விமானங்களை ரத்து செய்தார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகள் சொந்தக்காரர் இல்லாமல் போயின.

இதில் ஒரு காரணம், நம் தொழில்காரர்கள் படித்தால் வயிற்றைப் பிசையும். டெஸ்டிங் நடக்கும்போது, சோதனைச் செய்திகள் மற்ற இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் நிஜ சிஸ்டத்தில் கலந்துவிடக் கூடாது என்று சாஃப்ட்வேரில் ஒரு வடிகட்டி போட்டிருந்தார்கள். திறப்பு நாளில் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். அதனால் மற்ற விமான நிறுவனங்களிலிருந்து மாறி வரும் பெட்டிகளைப் பற்றிய தகவல் ஐந்தாம் டெர்மினலுக்குப் போய்ச் சேரவில்லை. பெட்டி வருகிறது, அது யாருடையது, எந்த விமானத்துக்கு என்று சிஸ்டத்துக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் அப்போதைய தலைவர் வில்லி வால்ஷ் நாடாளுமன்றக் குழு முன்பு சொன்னது: கட்டட வேலை தாமதமானதால் சோதனைக்கான காலத்தைக் குறைத்துக்கொண்டோம். அதாவது கட்டடம் 'சரியான தேதியில்' முடிந்தது என்ற பெயரின் ஒரு பகுதி, சோதனைக் காலத்திலிருந்து எடுத்த கடன்.

இப்போது கோட்டைப் போட்டுப் பாருங்கள். கட்டடம் வரைக்கும் கோடு போட்டால் உலகத்தரமான வெற்றி. பயணி தன் பெட்டியோடு விமானம் ஏறுவது வரைக்கும் போட்டால், முதல் சில நாட்களுக்கு நாடே பார்த்த தோல்வி. இன்னும் பின்னால் போய், அனுமதிக்காக நடந்த பொது விசாரணையையும் சேர்த்தால் கதை வேறு. அந்த விசாரணை 1995-லிருந்து 1999 வரை, 525 நாட்கள் நடந்தது. பிரிட்டன் அதுவரை பார்த்ததிலேயே நீளமான விசாரணை. நிதானமாக யோசித்ததன் பலன் என்று அதைச் சொல்லலாம். பக்கத்து ஊர்க்காரர்களின் காதையும் தூக்கத்தையும் பற்றிய சண்டை அது என்றும் சொல்லலாம். ஒரே டெர்மினல், கோடு மட்டும் வேறு வேறு.

ஒன்றும் பெரிய விஷயமில்லை, சில நாட்களில் சரியாகிவிட்டதே என்று கேட்கலாம். சரிதான், ஆகிவிட்டது. அந்த டெர்மினல் இன்றைக்கு நன்றாகவே ஓடுகிறது. நான் அதைத் தோல்வி என்று சொல்ல வரவில்லை. பெரிய ப்ராஜெக்டில் பிரச்சினைகள் கோட்டுக்கு உள்ளே தீர்வதற்குப் பதிலாக, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்கிவிட முடியும். உள்ளே கணக்கு சுத்தமாக இருக்கும். வெளியே வேறு யாராவது சுமப்பார்கள். ஹீத்ரோவில் சுமந்தவர்கள், பெட்டி தொலைத்த பயணிகளும் விமான நிறுவனமும். பரவாயில்லை, பெட்டி திரும்பி வரும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

நர்மதை: கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

சர்தார் சரோவர் அணைக்கு நேரு 1961-ல் அடிக்கல் நாட்டினார். மாநிலங்களுக்கிடையே தண்ணீர்ச் சண்டை. நடுவர் மன்றத் தீர்ப்பு 1979-ல் வந்தது. 1985-ல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. 1988-ல் திட்டக் கமிஷன் 6,406 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2017 செப்டம்பரில் பிரதமர் மோடி அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவே 56 வருஷம். செலவு ஒப்புதல் தந்த தொகையைப் போலப் பல மடங்கு. ஃப்ளிவ்பியர்க்கின் அட்டவணையில் இது என்ன மார்க் வாங்கும் என்று யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது செலவோ தாமதமோ இல்லை, ஒரு வரையறை. 1979 தீர்ப்பு 'வெளியேற்றப்பட்டவர்' என்பதற்கு ஓர் எல்லை வைத்தது. நீர்த்தேக்கத்தில் மூழ்கப் போகும் பகுதியில் வாழ்பவர்தான் அதில் வருவார், அவருக்குத்தான் மறுவாழ்வு உரிமை. அணையால் ஒருவர் நிலத்தை இழப்பதற்கு மூழ்குவது ஒன்றுதான் வழியா? குஜராத்துக்குள் மட்டும் 458 கிலோமீட்டர் நீளும் பிரதான கால்வாய், அதிலிருந்து பிரியும் கிளைகள். இவையெல்லாம் யாருடைய வயல் வழியாகவோதான் போக வேண்டும். கால்வாய்க்கு நிலம் கொடுத்தவர்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை. அணை கட்டுபவர்களுக்கான குடியிருப்புக்காகக் கேவடியாவில் நிலம் எடுத்தார்கள். அந்த ஆறு கிராமத்து ஆட்களும் வரவில்லை. நிலம் போனது எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருவர் திட்டத்தால் பாதிக்கப்பட்டவர், இன்னொருவர் வெறும் நிலம் விற்றவர்.

மேதா பட்கர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் நெருக்கடியில், உலக வங்கி 1991-ல் பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் ஒரு தனிக் குழு போட்டது. வங்கி தன் சொந்தத் திட்டத்தை ஆராய வெளியாட்களை அப்படி நியமித்தது அதுவே முதல் தடவை. 1992-ல் வந்த அறிக்கை சுட்டிக்காட்டிய குறைகளில் கால்வாயால் பாதிக்கப்பட்டவர்களின் நிலையும் ஒன்று. 1993-ல் மீதிக் கடனே வேண்டாம் என்று இந்தியா விலகிக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2000-ல் இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில் வேலையைத் தொடர அனுமதித்தது.

அணையால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்ச்சிலும் சௌராஷ்டிராவிலும் குழாயைத் திறந்தால் நர்மதைத் தண்ணீர் வருகிறது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் பலன் பக்கத்திலும் கோடு விளையாடியிருக்கிறது. 2017-ல் 'முடிந்தது' என்று அறிவித்தபோது, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சிறு வாய்க்கால்களில் கணிசமான பகுதி வெட்டாமலே இருந்தது. அணை முடிந்துவிட்டது, பாசனம் முடியவில்லை. எதற்காக அணை கட்டினோமோ அது கோட்டுக்கு வெளியே!

இங்கேதான் ஃப்ளிவ்பியர்க்கின் முறை மீது எனக்கு முக்கியமான விமர்சனம். 2014-ல் அவரும் ஆக்ஸ்ஃபோர்ட் சகாக்களும் 65 நாடுகளில் 245 பெரிய அணைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செலவு சராசரியாக 96 சதவீதம் எகிறியிருக்கிறது, பத்தில் எட்டு தாமதம். அணைகளுக்கு எதிரான வலுவான ஆதாரமாக இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது இது. அந்தக் கணக்கில் விலைவாசி உயர்வு, சுற்றுச்சூழல் சேதம், சமூகச் செலவு எதுவும் சேரவில்லை என்று அவர்களே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதையெல்லாம் சேர்க்காமலே இவ்வளவு மோசம் என்பதுதான் அவர்கள் வாதம். வாதமாக அது சரி. ஆனால் அடுத்து என்ன ஆகிறது? இனி ஒருவர் புது அணை திட்டமிடும்போது, இந்த 245-ஐப் பார்த்து, செலவை இரண்டு மடங்காகப் போட்டு, பட்ஜெட்டுக்குள் முடித்தும்விடலாம். புத்தகம் சொன்னபடி செய்தாயிற்று, வெற்றி. கால்வாய்க்கு நிலம் கொடுத்தவர் முன்பு எங்கே நின்றாரோ அங்கேயேதான் நிற்பார். பழைய ப்ராஜெக்ட்கள் எல்லாம் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால், அவற்றின் சராசரியிலிருந்து கிளம்பும் கணக்கும் அதே கோட்டுக்குள்தான் நிற்கும். எண் திருந்தும், குருட்டுப் பகுதி அப்படியே இருக்கும்.

உலக அணைகள் ஆணையம் 2000-ல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டில், பெரிய அணைகள் உலகம் முழுக்க இடம்பெயர்த்தவர்கள் 4 கோடியிலிருந்து 8 கோடிப் பேர். அந்த மதிப்பீட்டையே பாருங்கள். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே 4 கோடி மனிதர்கள். கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று ஒவ்வொரு அணைக்கும் துல்லியமாகத் தெரியும்.

லெகோ எல்லா இடத்திலும் பொருந்துமா?

புத்தகத்தின் கடைசிப் பகுதி ஒரு தீர்வைச் சொல்கிறது. பெரியதை ஒரே துண்டாகக் கட்டாதே, லெகோ கட்டைகள் மாதிரி சிறிய ஒரே மாதிரித் துண்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கு. சூரிய மின்சாரத்தில் 1 சதவீதம் மட்டும் எகிறுவதற்குக் காரணம் அதுதான் என்கிறார். பேனல் தொழிற்சாலையில் தயாராகிறது, ஒன்றைப் பொருத்தக் கற்றுக்கொண்டால் லட்சத்தையும் பொருத்தலாம், பாதியில் நிறுத்தினாலும் பொருத்தியது வரைக்கும் மின்சாரம் வரும்.

இது உண்மைதான். ஏன் உண்மை என்றால், பேனலுக்கு எல்லை இருக்கிறது. பெரிய ப்ராஜெக்டை எல்லை தெரியும் சின்ன ப்ராஜெக்ட்களாக மாற்றிவிடுவதுதான் லெகோவின் ரகசியம். ஆனால் கட்டைகளை வைக்க ஒரு தரை வேண்டுமே, அதைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. கர்நாடகத்தில் பாவகடா சோலார் பூங்கா சுமார் 13,000 ஏக்கர். நிலத்தை விலைக்கு வாங்காமல் விவசாயிகளிடம் வருஷ வாடகைக்கு எடுத்தது நல்ல யோசனை, வறட்சியில் கிடந்த நிலத்துக்கு நிலையான வருமானம் வந்தது. நிலம் இருந்தவருக்கு வாடகை. அந்த நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவருக்கு? வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் வர வழியே இல்லை. பேனல்களின் கணக்கு 1 சதவீதத்தில் நிற்கும், அவருடைய கணக்கு அதில் வராது.

சாஃப்ட்வேரிலும் இதே கதைதான். பெரிய சிஸ்டத்தைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாக வெட்டினால் ஒவ்வொரு டீமும் தன் துண்டைப் பச்சையாகக் காட்டும். டேஷ்போர்டில் எல்லாம் பச்சை, வாடிக்கையாளருக்கு மட்டும் பணம் போகவில்லை. தப்பு எந்தத் துண்டிலும் இல்லை, இரண்டு துண்டுக்கு நடுவே இருக்கிறது. அந்த நடுவிடத்துக்கு யார் சொந்தக்காரர் என்று கேட்டால் மீட்டிங்கில் அமைதி. ஹீத்ரோவில் மறந்துபோன அந்த வடிகட்டியும் இப்படி ஒரு நடுவிடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

ஒரு நியாயமான மறுப்பு

ஃப்ளிவ்பியர்க் தரப்பில் ஒரு பதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எல்லையை விரித்துக்கொண்டே போனால் எதையும் அளக்க முடியாது. எல்லாவற்றையும் சேர் என்றால் எந்த ப்ராஜெக்டும் ஆரம்பிக்காது. நான் அளப்பது வாக்குறுதியை. நீங்கள் சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்கிறேன், ஒரு ஜனநாயகத்தில் அதற்கே பதில் கிடைப்பதில்லை. இப்படி அவர் வாதிடலாம். வலுவான வாதம்தான். மக்களிடம் குறைத்துச் சொல்லி அனுமதி வாங்கும் அரசியலுக்கு எதிராக இத்தனை வருஷம் எண்களோடு நின்றவர் அவர். அதோடு, புத்தகத்திலேயே ஒரு அத்தியாயம் வலமிருந்து இடமாக யோசிக்கச் சொல்கிறது: முதலில் நோக்கத்தைப் பெட்டி போட்டு எழுது, பிறகு அங்கிருந்து பின்னால் வா என்று. எல்லையைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பெட்டியில் எழுதப்படுவது யாருடைய நோக்கம்? சமையலறையைப் புதுப்பிக்கும் தம்பதி புத்தகத்தில் ஓர் உதாரணமாக வருகிறார்கள். அங்கே நோக்கம் அவர்களுடையது, காசு அவர்களுடையது, தூசியும் அவர்கள் மூக்கில். அதே பாடத்தை அணைக்கும் ரயில்பாதைக்கும் நீட்டும்போது, வாக்குறுதி கொடுத்தவர், வாக்குறுதியைப் பெற்றவர், விலை கொடுத்தவர் மூவரும் வேறு வேறு ஆட்கள் என்பது நழுவிப்போகிறது. குஜராத் விவசாயிக்குக் கொடுத்த வாக்குறுதியை முழுக்க நிறைவேற்றினாலும், மணிபேலி கிராமத்து ஆதிவாசிக்கு அது வாக்குறுதியே இல்லை.

அதனால் அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளப்பதற்கு முன்பு ஒரு படி பாக்கி இருக்கிறது என்கிறேன். புதிதாக ஒரு பெரிய ப்ராஜெக்ட் பற்றிப் படிக்கும்போது நான் இப்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, 'முடிந்தது' என்று எந்த நாளில், யார் அறிவிப்பார்கள், அன்றைக்குக் கடைசிப் பயனாளியின் கையில் என்ன இருக்கும்? இரண்டு, தேதி நெருங்கி நேரம் போதாமல் போனால் எது முதலில் வெட்டப்படும், அதன் வலி எந்தப் பக்கம் போய் இறங்கும்? மூன்று, இந்தத் திட்டத்தால் வாழ்க்கை மாறப்போகிறவர்களில் எந்த ஆவணத்திலும் பெயர் இல்லாதவர் யார்?

மூன்றாவது கேள்விக்கு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு பதில் கண்டுபிடிக்க முடியாது, நேரில் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். நர்மதைப் பள்ளத்தாக்கில் அதைச் செய்தவர்கள் திட்டத்துக்கு வெளியிலிருந்த ஆட்கள். ஆராயச் சொல்லி அனுப்பியபோது மோர்ஸ் குழுவும் கிராமம் கிராமமாகப் போனது. அந்த நடை 1979-க்கு முன்பே நடந்திருந்தால், வரையறையில் ஒரு வரி கூடியிருக்கும். அந்த ஒரு வரிக்கு ஆகும் செலவு, ஃப்ளிவ்பியர்க் பாஷையில் சொன்னால், காகிதச் செலவுதான்.

புத்தகத்தை வாங்கலாமா? கட்டாயம் வாங்கலாம். பட்ஜெட் போடுகிறவர்களும் டீம் நடத்துகிறவர்களும் படிக்க வேண்டும், தடித்த வால் பற்றிய பகுதிக்காகவும் ஹீத்ரோ அத்தியாயத்துக்காகவும். கூடவே புரூக்ஸின் முதல் அத்தியாயத்தையும் படியுங்கள், சில பக்கங்கள்தான். பிறகு அடுத்த தடவை உங்கள் அலுவலகத்தில் யாராவது "ப்ராஜெக்ட் முடிஞ்சாச்சு" என்று மெயில் போட்டால், யாருக்கு முடிந்தது என்று ஒரு பதில் போட்டுப் பாருங்கள்.